பட்டம் வரை கூடவே வருவது எந்த உதவி? மலையகத்து விஞ்ஞான மாணவருக்காகப் பணம் திரட்டும் சங்கங்களுக்கு ஓர் ஒப்பீடு

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியானால், இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் தெருவோரம் பதாகைகள் முளைத்துவிடும். விஞ்ஞானப் பிரிவில் தெரிவான பிள்ளையின் படம், பாடசாலையின் பெயர், வாழ்த்தும் சங்கத்தின் பெயர். பிறகு பாராட்டு விழா, பொன்னாடை, கேடயம். அதே பிள்ளை இரண்டு வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு கடையின் கணக்கு மேசையில் உட்கார்ந்திருந்தால், என்ன நடந்தது என்று கேட்க ஒருவரும் வருவதில்லை.

அதைக் கேட்கத் துணிந்த சங்கங்கள் இப்போது உருவாகி வருகின்றன. பழைய மாணவர் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள், வெளிநாட்டிலிருந்து கைக்காசு அனுப்பும் சிறு குழுக்கள் என எல்லோரும் ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். வருடத்துக்கு ஐந்தாறு இலட்சம் ரூபா சேர்கிறது. அதை மாதாந்த உதவித்தொகையாகக் கொடுப்பதா, வகுப்பு நடத்துவதா, மடிக்கணினி வாங்குவதா? கூட்டத்தில் வாக்குவாதம் நீண்டு, கடைசியில் எல்லோருக்கும் பழக்கமான உதவித்தொகையே வெல்கிறது. அதுவே எப்போதும் சரியான தெரிவு என்று நான் நினைக்கவில்லை. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது

பேராதனை விஞ்ஞான பீடத்தையோ, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் தேசிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பவை. அந்த ஏற்பாட்டால் உள்ளே போகும் நம் பிள்ளை, தலைநகரத்துப் பெரிய பாடசாலைகளிலிருந்து வந்தவர்களோடு ஒரே மண்டபத்தில் உட்காருகிறது. அறிவில் குறைவு இல்லை. ஆனால் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் தவணைகளைக் கடத்திய பாடசாலையிலிருந்து, தமிழ் மொழிமூலம் படித்து வந்திருக்கிறது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. விடுதியிலும் சிற்றுண்டிச்சாலையிலும் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் ஓடுகிறது.

முதல் இரசாயனவியல் செய்முறை வகுப்பைப் பாருங்கள். நிறமாற்றம் எந்தத் துளியில் வரும் என்பதை உயர்தரத்திலேயே கரைத்துக் குடித்த பிள்ளை அது. கையில் கொடுத்த ஆங்கிலத் தாளில் மூன்றாவது வரிக்கு மேல் ஓடவில்லை. பக்கத்தில் நிற்பவர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறது, அவர் எழுதிய அளவீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றைத் தானும் எழுதுகிறது. செய்முறை உதவியாளர் வந்து "நிறம் மாறிக் காட்டும் இந்தக் காட்டியை (indicator) ஏன் தெரிவு செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது விடை நெஞ்சில் இருக்கிறது, வாயில் வரவில்லை. புள்ளி போகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, அடுத்த வகுப்பில் அந்தப் பிள்ளை பின்வரிசைக்குப் போய்விடுவதுதான்.

இது முதல் தடுமாற்றம். முதல் பரீட்சைப் பெறுபேறு இரண்டாவது. திரும்ப எழுதும் பாடத்தில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக 'சி' தரத்துக்கு மேல் கிடைக்காது. ஆகவே முதல் செமஸ்டரில் விழும் அடி நான்கு வருடமும் கூடவே வரும். மூன்றாவது தடுமாற்றம் விடுதியை விட்டு வெளியேறும் வருடம். விடுதி இடம் எல்லா வருடமும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இரண்டாம், மூன்றாம் வருடங்களில் ஹிந்தகல, பெனிதெனிய, கெட்டம்பே என்று போர்டிங் (வாடகை அறை) தேடிப் போகும் பிள்ளைகள் ஏராளம். அங்கே சில மாத வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள். நான்காவது, வீட்டில் ஒருவர் நோயில் விழுவது, மரணம், மண்சரிவு. ஐந்தாவது, உயர்தரத் தகைமைக்கே கிடைக்கும் வேலை. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர் நியமனம் வந்த காலங்களில் அந்தக் கடிதம் பல குடும்பங்களுக்குப் பட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கையில் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு இன்னும் மூன்று வருடம் படி என்று சொல்லும் துணிவு எந்தத் தாய்க்கும் எளிதில் வராது.

எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன ஐந்து இடங்களில் இந்த உதவி எந்த இடத்தில் கைகொடுக்கிறது? ஒரு பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, நான்காவது வருடத்தில் அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? பிள்ளை கூசிக் குறுகாமல் இதைப் பெற முடியுமா? ஓய்வுநேரத்தில் சங்கம் நடத்தும் நம்மவர்களால் இதை விடாமல் கொண்டுபோக முடியுமா? நான்காவது கேள்வியைத்தான் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை. பாதியில் நின்றுபோன உதவி, ஆரம்பிக்காத உதவியைவிட அதிகம் காயப்படுத்தும்.

மாதாந்த உதவித்தொகை

இதன் பலம் வெளிப்படையானது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் கூடினாலும், வேலை கிடைக்கும் நாட்களை எண்ணிப் பார்த்தால், இரண்டு பேர் கொழுந்து பறிக்கும் வீட்டிலிருந்து ஒரு கம்பஸ் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் மாதாமாதம் பணம் ஒதுக்குவது எத்தனை கடினம் என்று விளக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறதே என்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில்தான் தட்டு, வாளி, மெத்தை, ஆய்வுகூட அங்கி, பிரதியெடுக்கும் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

இனி மறைந்திருக்கும் செலவு. வருடம் 600,000 ரூபா திரட்டும் ஒரு சங்கம், பத்துப் பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபா கொடுக்க முடிவு செய்கிறது என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு வருடம் 60,000. முதல் வருடம் கணக்குச் சரி. இரண்டாம் வருடம் புதிதாகப் பத்துப் பேர் தெரிவாகிறார்கள். அவர்களையும் சேர்த்தால் 1,200,000 தேவை. நான்காம் வருடத்தில் நாற்பது பேருக்கு 2,400,000. அந்தப் பணம் திரளாது. ஆகவே ஒன்று புதியவர்களுக்குக் கதவு சாத்தப்படும், அல்லது பழையவர்களுக்குப் பணம் குறையும். வேலைநிறுத்தங்களாலும் பிற காரணங்களாலும் நான்கு வருடப் பட்டம் ஐந்தாக நீள்வது நம் நாட்டில் புதிதல்ல. அந்த ஐந்தாம் வருடத்தையும் யாரும் கணக்கில் எழுதி வைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் சாப்பாட்டைத் தரும். செய்முறை வகுப்பில் பின்வரிசைக்குப் போன பிள்ளையை முன்னுக்கு அழைத்துவராது. பணம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே பாடத்தில் தோற்று விலகும் பிள்ளையைப் பற்றிச் சங்கத்துக்குக் கடைசியில்தான் தெரியவரும், ஏனெனில் மாதாமாதம் பேசுவது வங்கிக் கணக்கோடு மட்டும்.

எப்போது இதுவே சிறந்த தெரிவு? தாய் அல்லது தகப்பன் இல்லாத வீடு, மகாபொலவும், பர்சரி எனும் மாணவர் உதவிப்பணமும் இரண்டுமே கிடைக்காத பிள்ளை, மூத்த பிள்ளையின் உழைப்பை நம்பித் தம்பி தங்கைகள் இருக்கும் குடும்பம். இத்தகைய இரண்டு மூன்று பேருக்குப் பட்டம் முடியும் வரை கொடுப்போம் என்று உறுதி சொல்லிக் கொடுங்கள். பத்துப் பேருக்கு அரைகுறையாகக் கொடுப்பதைவிட இது நேர்மையானது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இந்திய அரசின் ஆதரவோடு கொடுக்கப்படும் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றும் நீண்டகாலமாக இருக்கிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரித்து விண்ணப்பிக்க உதவுவதற்கு ஒரு பஸ் டிக்கெட்டுக்கு மேல் செலவில்லை.

கம்பஸுக்கு முன் முன்னாயத்த வகுப்பு

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் வரை பல மாதங்கள் வீணாகக் கழியும், சில வேளை ஒரு வருடத்துக்கும் மேல். அந்த இடைவெளியில் பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள், பெண் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள் அல்லது முன்பள்ளியில் கற்பிக்கிறார்கள். ஆறு வாரம், சனி ஞாயிறு, ஒரு பாடசாலை மண்டபம், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞான ஆங்கிலத்துக்கு, மற்றவர் கணிதத்துக்கு. நாளுக்கு ஆளுக்கு 3,000 ரூபா என்றால் 72,000. பத்துப் பிள்ளைகளின் பஸ் காசும் பகலுணவும் நாளுக்கு ஆளுக்கு 500 என்றால் 60,000. அச்சுப் பிரதியோடு 135,000 ரூபாவில் முடியும்.

உயிரியல் பிரிவில் வந்தவர்களுக்குக் கணிதம் பெரிய தடை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்காத பிள்ளைக்கு, முதலாம் வருடத்தில் புள்ளிவிபரவியலோ நுண்கணிதமோ வரும்போது அடித்தளமே இருக்காது. அதை முன்கூட்டி ஆறு வாரம் தொட்டுக் காட்டினாலே அச்சம் பாதி விலகும்.

குறை என்னவென்றால், வேலைக்குப் போன பிள்ளை இதற்காக வேலையை விட வேண்டும். அந்தச் சம்பள இழப்பு சங்கத்தின் கணக்கில் வராது, வீட்டின் கணக்கில் வரும். பொதுவான "ஆங்கில வகுப்பு" என்று நடத்தினால் பயன் மிகக் குறைவு. ஆய்வுகூட அறிவுறுத்தல் தாளை வாசிப்பது, விரிவுரையில் குறிப்பெடுப்பது, ஒரு செய்முறை அறிக்கையை எழுதுவது ஆகிய மூன்றையும் உண்மையான தாள்களை வைத்தே பழக்க வேண்டும். ஏற்கெனவே கம்பஸில் இருப்பவர்களிடம் கேட்டால் அந்தத் தாள்கள் கிடைக்கும்.

நல்ல விஞ்ஞான ஆசிரியர்கள் இருக்கும் ஹட்டன், பதுளை, கண்டி போன்ற நகரத்தில் இயங்கும் சங்கத்துக்கு இது மிகப் பொருத்தம். தோட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கும் சிறிய சங்கத்துக்கு இது பாரம்.

முதலாம் வருடக் குழுப்படிப்பு

என் மனம் இதன் பக்கம்தான். காரணத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று ஆராயப் புறப்பட்டார். ஊக்கக் குறைவு, ஏழ்மை, குடும்ப ஆதரவின்மை, பாடசாலை அடித்தளம் என்று எல்லோரும் சொன்ன காரணங்கள் எதுவும் அவர் கண்டதோடு பொருந்தவில்லை. அந்த மாணவர்கள் கடுமையாகவே உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. சீன வம்சாவளி மாணவர்கள் தனியே கணக்குப் போட்டபின் ஒன்றுகூடி, ஒருவர் விடையை ஒருவர் திருத்தி, எந்தக் கணக்கு எல்லோருக்குமே கடினம் என்று அறிந்துவைத்திருந்தார்கள். தனியே படித்தவருக்கோ தன்னால் மட்டும்தான் முடியவில்லை என்று தோன்றியது. டிரைஸ்மன் பின்தங்கியோர் வகுப்பு நடத்தவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூடிப் போட வைத்தார். பெறுபேறுகள் உயர்ந்தன.

இதை வாசிக்கும் மலையகத்துப் பட்டதாரி எவருக்கும் நெஞ்சில் ஏதோ தட்டும். நம் பிள்ளைகளும் அப்படித்தான். பின்வரிசையில் தனியே உட்கார்ந்து, விளங்காததை யாரிடமும் கேட்காமல், இரவு முழுக்கக் குறிப்பை எழுதி எழுதிப் படிப்பார்கள்.

நம் பல்கலைக்கழகங்களில் இதற்கு ஒரு வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பரீட்சை நெருங்கும்போது சீனியர் ஒருவரோ பெச்சில் (அதே வருடத்து மாணவரில்) கெட்டிக்காரர் ஒருவரோ மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் குப்பி. அது கடைசி வாரத்தில் நடக்கிறது, அழைக்கப்பட்டவர்களுக்கே நடக்கிறது. சங்கம் செய்ய வேண்டியது அதை முதல் வாரத்துக்குக் கொண்டுவந்து ஒழுங்குபடுத்துவதுதான். இரண்டாம், மூன்றாம் வருடத்து மாணவர் இருவர், ஒருவர் இரசாயனவியலுக்கு, ஒருவர் கணிதத்துக்கோ பௌதிகவியலுக்கோ. வாரம் ஒரு முறை, ஆளுக்கு 2,000 ரூபா. செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று வருடத்துக்கு முப்பது வாரம், 120,000. தேநீர், பணிஸ், பிரதிகளுக்கு 45,000. மொத்தம் 165,000. பத்துப் பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 16,500. உதவித்தொகையின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதில் பாதிக்கு மேல் சீனியரின் கைக்குப் போகிறது, அவர்களும் நம் பிள்ளைகளே. வாங்கும் பணம் தானமாக இல்லாமல் உழைத்த கூலியாக இருப்பதால் தலை நிமிர்ந்து வாங்குவார்கள்.

இதன் ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. சீனியர்–ஜூனியர் உறவு நம் கம்பஸ்களில் பகிடிவதையால் கெட்டுப்போன உறவு. 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கிப் பல வருடங்களாகியும் அதன் பயம் முதலாம் வருடப் பிள்ளைகளை விட்டு அகலவில்லை. ஆகவே யாரைச் சீனியராக அமர்த்துகிறோம் என்பதில் துளியும் கவனக்குறைவு கூடாது. புள்ளி அதிகம் எடுத்தவரைவிட, தான் ஒரு பாடத்தில் தோற்று எழுந்தவராகவும் பொறுமையுள்ளவராகவும் இருப்பவர் நல்லவர். பெண் பிள்ளைகள் இருந்தால் இருவரில் ஒருவர் அக்காவாக இருப்பது கட்டாயம். இடம் நூலகமோ பீடத்துப் பொது அறையோ ஆக இருக்கட்டும், போர்டிங் அறை வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம்: குழு தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் அடைபட்டுவிடக் கூடாது. முதல் சில வாரங்கள் தமிழில் விளங்கிக்கொள்வது அவசியம். அதன்பின் ஒன்றிரண்டு சிங்கள, முஸ்லிம் பெச்மேட்களும் வந்து உட்காரட்டும். ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லும் பயிற்சியும், விடுதி வாழ்வில் கைகொடுக்கும் நட்பும் அப்படித்தான் வரும்.

ஒரே பீடத்தில் நம் பிள்ளைகள் நாலைந்து பேராவது இருந்தால் இதை விஞ்ச வேறில்லை. ஒரே ஒரு பிள்ளை றுஹுணுவுக்கோ ரஜரட்டவுக்கோ போயிருந்தால் இது நடக்காது. அந்தப் பிள்ளைக்கு அதே பீடத்தில் ஒரு தமிழ் சீனியரைத் தேடிக் கொடுத்து, வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்யலாம். அது குழுவுக்கு ஈடல்ல என்றாலும் பெரிய ஆறுதல்.

அவசர நிதி

தகப்பன் மருத்துவமனையில். பரீட்சைக்கு இரண்டு வாரம். போர்டிங்காரர் முற்பணம் கேட்கிறார். வீட்டில் இருந்த ஒரே சோடித் தோடு ஏற்கெனவே அடகில். இந்த நிலையில் பிள்ளை "ஒரு செமஸ்டர் நின்றுவிட்டு வருகிறேன்" என்று சொல்லி வீட்டுக்கு வரும். அப்படி வந்தவர்களில் திரும்பிப் போகாதவர்கள் பலர். பெரும்பாலும் 10,000, 15,000 ரூபா அந்த நேரத்தில் கிடைத்திருந்தால் போதும்.

150,000 ரூபா ஒதுக்கினால் தலா 15,000 என்று பத்து முறை கைகொடுக்கலாம். விதி ஒன்றே: கேட்ட மூன்று நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், தோட்டத் துரையின் கடிதம், கூட்டத்தின் அங்கீகாரம் என்று ஆரம்பித்தால் அது அவசர நிதி ஆகாது. முடிவெடுக்கும் அதிகாரத்தை இருவரிடம் விட்டுவிட்டு, பெயர் சொல்லாமல் கூட்டத்துக்குக் கணக்குக் காட்டினால் போதும். மேடையில் காசோலை கொடுத்துப் படம் எடுக்கும் பழக்கம் இங்கே அறவே கூடாது. படம் வரும் என்று தெரிந்தால் நல்ல பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள்.

இதன் பலவீனம், கேட்கத் தெரிந்தவருக்கே போய்ச் சேரும் என்பது. ஆகவே குழுப்படிப்புச் சீனியர் கண்ணும் காதுமாக இருந்தால்தான் இது முழுப்பயன் தரும்.

மடிக்கணினி

கணினி விஞ்ஞானமோ புள்ளிவிபரவியலோ படிக்கும் பிள்ளைக்கு இது பாடப்புத்தகத்துக்குச் சமம், வாங்கிக் கொடுங்கள். மற்றவர்களுக்கு முதலாம் வருடத்தில் பீடத்து ஆய்வுகூடக் கணினிகள் பெரும்பாலும் போதும். 2022 நெருக்கடிக்குப் பின் விலை ஏறியிருக்கும் நிலையில், ஒரு மடிக்கணினியின் விலையில் குழுப்படிப்பு கிட்டத்தட்ட ஒரு வருடம் நடக்கும்.

ஒரே பார்வையில்

| தெரிவு | கைகொடுக்கும் இடம் | செலவு | மறைந்த சுமை | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| மாத உதவித்தொகை | அன்றாடச் சாப்பாடு, போர்டிங் | ஆளுக்கு வருடம் 60,000 | நான்காம் வருடத்தில் நான்கு மடங்கு | மிக வறிய இரண்டு மூன்று பிள்ளைகள் |
| முன்னாயத்த வகுப்பு | முதல் செமஸ்டர் | பத்துப் பேருக்கு 135,000 | வேலைக்குப் போகும் பிள்ளையின் சம்பள இழப்பு | நகரத்துச் சங்கம் |
| குழுப்படிப்பு | முதல் வருடம் முழுவதும் | பத்துப் பேருக்கு 165,000 | சீனியரைத் தெரிவு செய்வதில் அக்கறை | ஒரே பீடத்தில் நாலைந்து பேர் |
| அவசர நிதி | நோய், மரணம், முற்பணம் | வருடம் 150,000 | கூச்சத்தால் கேட்காதவர் | எல்லாச் சங்கமும் |
| மடிக்கணினி | சில பாடங்கள் மட்டும் | ஒருமுறைச் செலவு | பழுதுபார்ப்பு | கணினி, புள்ளிவிபரவியல் மாணவர் |

சேர்த்துச் செய்தால்

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் இரண்டு வருடக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. கட்டண நிவாரணம், பாடப்புத்தகம், இலவசப் பயணச்சீட்டு, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் ஆகிய எல்லாம் ஒன்றாக. குலுக்கல் முறையில் தெரிவு செய்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22 சதவீதம். அவை விஞ்ஞான பீடங்கள் அல்ல, நாடும் வேறு. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் நமக்கு அப்படியே பொருந்தும்: மாதப் பயணச்சீட்டை வாங்க மாணவர் ஆலோசகரைச் சந்தித்தாக வேண்டும். பணமும் மனிதத் தொடர்பும் ஒரே கையில் வந்தன.

எனவே 600,000 ரூபா உள்ள சங்கத்துக்கு என் ஆலோசனை இது. குழுப்படிப்புக்கு 165,000. அவசர நிதிக்கு 150,000. முன்னாயத்த வகுப்புக்கு 135,000. மிக வறிய இருவருக்குப் பட்டம் முடியும் வரை உறுதி சொல்லி 120,000. மீதி 30,000 ஒருங்கிணைப்பவரின் பயணத்துக்கும் தொலைபேசிக்கும். அந்தக் கடைசித் தொகையை வீண்செலவு என்று யாராவது கூட்டத்தில் வெட்ட வருவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தைச் சுற்றிவரும் இடங்களில், மகாபொல விண்ணப்பத்தின் இறுதித் திகதியை நினைவூட்டும் ஒரு தொலைபேசி அழைப்பின் பெறுமதி பல ஆயிரம் ரூபா.

மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியேற விரும்பும் பிள்ளையையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு நிலைமை கருதி நான்கு வருட விசேட பட்டத்தை விட்டுவிட்டு ஆசிரியராக வருகிறவர் தோற்றவர் அல்லர். எங்கள் பாடசாலைகளில் காலியாகக் கிடக்கும் பௌதிகவியல் ஆசிரியர் நாற்காலி அவருக்காகத்தான் காத்திருக்கிறது.

வருடம் 50,000 ரூபா மட்டுமே திரட்ட முடிகிற சங்கங்களும் பின்வாங்க வேண்டாம். மூன்று அவசர உதவிக்கு 45,000 ஒதுக்குங்கள். மிச்சம் 5,000த்தைத் தொலைபேசிக்கும் பஸ்ஸுக்கும் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து ஏற்கெனவே அதே பீடத்தில் படிக்கும் ஒரு அண்ணாவையோ அக்காவையோ கண்டுபிடித்து, புதிதாகப் போகும் பிள்ளைகளோடு நேரில் இணைத்துவிடுங்கள். முதல் பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பாவது அது நடந்தாக வேண்டும்.